இழுகயிறு வரும் கரை

செங்கல் கால்வாயில் மீன்பிடிக்க உட்காருகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கயிறு வரும்போது தூண்டிலைப் படுக்க வைத்துவிட வேண்டும்.

அந்தக் கால்வாய்க்கு ஏதோ ஒரு வங்காளிப் பெயர் இருந்தது. கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் குடியிருந்த தமிழர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தெற்கே சூளைகளிலிருந்து செங்கல் ஏற்றிய படகுகள் அந்த வழியாகத்தான் ஹூக்ளி ஆற்றுக்கு வந்தன. அதனால் அது செங்கல் கால்வாய். ஆற்றில் கடலேற்றம் தொடங்கி மதகு வழியாகத் தண்ணீர் உள்ளே பாய ஆரம்பித்துவிட்டால் பாரப் படகைத் துடுப்பால் அசைக்க முடியாது. மூன்று பேர் கரையில் இறங்குவார்கள். பாய்மரத்தில் கட்டிய நீளக் கயிற்றின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றி முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்து, படகை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தக் கயிற்றுக்கு வங்காளிகள் சொன்ன பேர் குண்.

ஆளுக்கும் படகுக்கும் நடுவே முப்பது கஜக் கயிறு கரையோரத்தை வழித்துக்கொண்டு வரும். நாணலானாலும் சரி, மேயும் ஆடானாலும் சரி, மீன்பிடிக்கிறவனானாலும் சரி, அதற்கு ஒன்றுதான். அதனால் முன்னால் இழுக்கிறவன் தூரத்திலிருந்தே "குண்! குண்!" என்று குரல் கொடுப்பான். குரல் கேட்டவர்கள் தூண்டிலைத் தரையோடு படுக்க வைத்துத் தலையைக் குனிந்துகொள்வார்கள். கயிறு முதுகை உரசிக்கொண்டு போகும். படகு தாண்டியபின் இழுத்தவன் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூண்டிலை எறிவார்கள். பல வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பன்னீர்செல்வத்துக்கு மட்டும் அவர்கள் குரல் கொடுப்பதில்லை. அப்படித்தான் அவன் நம்பினான்.

மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இருபது கஜம் தள்ளி உட்கார்ந்திருக்கிற ரயில்வே ஆபீஸ் வங்காளிகள் சொல்லி வைத்தாற்போல் தூண்டிலைச் சாய்ப்பதை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் அவனும் சாய்ப்பான். பக்கத்தில் ஆள் இல்லாத நாளில் கயிறு அவன் தோளில் வந்து விழும். ‘மதராஸிதானே, இவனுக்கு என்ன குரல் வேண்டிக்கிடக்கு’ என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணம் ஒரு முள் மாதிரி அவனுக்குள்ளே போய் அங்கேயே சீழ்பிடித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவன் பொதுவாகவே அதிகம் பேசுகிறவன் இல்லை.

பேசாமலிருப்பதற்கு ஒரு காரணமும் இருந்தது.

கப்பல் பட்டறையில் அவன் கிரேன் ஓட்டினான். கூரைக்கு அடியில் தொங்கும் கூண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால், கீழே கலாசி காட்டுகிற கை ஜாடைதான் பாஷை. உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் இறக்கு, இரண்டு கையும் விரித்தால் நிறுத்து. காதுக்கு அங்கே வேலையே இல்லை. கூண்டு ஏறுவதற்கு முன் பதினோரு வருஷம் கப்பல் வயிற்றுக்குள் உட்கார்ந்து ரிவெட் அடித்தவன் அவன். இரும்புப் பெட்டிக்குள் இரும்பை இரும்பால் அடிக்கிற அந்தச் சத்தம் அவனுடைய இடது காதை முழுசாகத் தின்றுவிட்டது. வலது காதில் பாதி மிச்சம் இருந்தது. பாதி என்பது அவனாகச் சொல்லிக்கொண்டது. மெதுவாகப் பேசினால்தான் கேட்காது, உரக்கக் கத்தினால் நன்றாகவே கேட்கும் என்பது அவன் எண்ணம்.

மிச்சத்துக்குக் கண் இருந்தது. உதடு அசைவதை வைத்துப் பேச்சைப் பிடிப்பான். உதடு தெரியாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களின் முகத்தை வைத்துப் பிடிப்பான். எல்லாரும் சிரித்தால் அரை நொடி தாமதமாகச் சிரிப்பான். எல்லாரும் திரும்பினால் திரும்புவான். வருஷா வருஷம் மார்ச் கடைசியில் மெடிக்கல் உண்டு. டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் எண்களைச் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே மருந்து அலமாரி இருந்தது. அதன் கண்ணாடியில் டாக்டரின் வாய் தெரியும். ஐந்து வருஷம் அந்தக் கண்ணாடி அவனைக் காப்பாற்றியது.

தெரிந்துபோனால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள்தான். ஆனால் கீழே நிற்க வேண்டும். இருபது டன் இரும்புப் பலகையை ஒரு விரல் அசைவில் பூ மாதிரி இறக்கி வைக்கிறவன், கீழே நின்று அதையே அண்ணாந்து பார்க்க வேண்டும். யாரும் ஏறிவந்து பேச முடியாத, பேச வேண்டிய தேவையும் இல்லாத அந்த ஆறடிக் கூண்டைத் தவிர இந்த ஊரில் தன்னுடையது என்று அவன் நினைத்தது வேறு எதுவும் இல்லை, இந்தக் கால்வாய்க் கரையைத் தவிர.

டிசம்பரில் ஒரு நாள் சங்கிலி நழுவிப் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே பத்துப் பேர் கத்தியிருக்கிறார்கள். கலாசி கையை விரித்த பிறகுதான் அவன் நிறுத்தினான். சார்ஜ்மேன் பத்மநாபன் கூண்டுக்குக் கீழே வந்து நின்று, "அவ்வளவு கத்தினோமே, கேக்கலையா?" என்றார்.

"கதவு சாத்தியிருந்ததுங்க சார்."

பத்மநாபன் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுப் போனார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கயிறு அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு போயிற்று.

நான்கு நாள் தயார் செய்திருந்தான். வேலை விட்டு வந்ததும் தினமும் சைக்கிளில் போய், தண்ணீரோரம் உட்காரக் கட்டியிருந்த மூங்கில் பரணுக்கு எதிரே ஒரே இடத்தில் இரைக் கலவையைப் போட்டு மீனைப் பழக்கினான். வங்காளிகள் கடுகுப் புண்ணாக்கில் செய்வார்கள். பன்னீர்செல்வத்தின் கலவையே வேறு. வறுத்த எள்ளுப் புண்ணாக்கு, வெந்தயம், செவ்வெறும்பு முட்டை, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். அன்று காலை எட்டு மணிக்குத் தக்கை மெல்லத் தலையசைத்தது. பிறகு படுத்துக்கொண்டது. பெரிய ரூய் மீன் இரையை உறிஞ்சும்போதுதான் தக்கை அப்படிப் படுக்கும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கம்பைத் தூக்கினான். கனம் கைக்கு வந்தது. சக்கரம் சுழல ஆரம்பித்தது.

அப்போது கயிறு இடுப்பில் விழுந்தது.

பரணிலிருந்து சேற்றில் விழுந்தான். தலை தூக்கிப் பார்த்தபோது சக்கரத் தூண்டில் கயிற்றில் மாட்டி, மீனும் நரம்புமாகத் தண்ணீர்மேல் குதித்துக் குதித்துப் போய் நடுக் கால்வாயில் முங்கிற்று. மருதமுத்து என்ற கூட்டாளி ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன தூண்டில் அது.

"யோவ்! கண்ணு அவிஞ்சா போச்சு?" தமிழிலேயே கத்தினான். அவனுக்குத் தெரிந்த வசவுகள் எல்லாம் தமிழில்தான் இருந்தன.

முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவன் ஆபேத். அந்தப் படகுக்கு மாஜி, அதாவது தலைமைப் படகோட்டி, அவன்தான். ஐம்பது வயது இருக்கும். தோளில் கயிறு போட்டுப் போட்டுக் காய்ச்சிப்போய், வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கும். பாரப் படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பினான். அவன் உதடு அசைந்தது. பன்னீர்செல்வம் தெளிவாகப் படித்தான்.

"கூப்பிட்டேன் பாபு. நாலு தடவை கூப்பிட்டேன்."

"பொய்!" என்றான் பன்னீர்செல்வம். "ஜூட்டா!"

ஆபேத் தரையில் துப்பிவிட்டுக் குனிந்து இழுத்துக்கொண்டு போனான்.

அன்று மத்தியானம் அருக்காணி சோறு போட்டுக்கொண்டே அவனுடைய வலது பக்கமாக வந்து நின்றாள். கல்யாணமாகிக் கரூர்ப் பக்கத்திலிருந்து வந்தபோது மெல்லப் பேசுகிறவளாக இருந்தவள் அவள். இப்போது அவள் பேசினால் மூன்றாவது வீட்டு முகர்ஜி மாமி என்ன குழம்பு என்று தெரிந்துகொள்வாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு."

"அவன் கூப்புட்டிருப்பானுங்க. உங்களுக்குத்தான் கேட்டிருக்காது."

தட்டு சுவரில் போய் மோதியது. சோறு காலண்டர் வரைக்கும் தெறித்தது. அருக்காணி நகரவில்லை. அவள் உதடு அசைந்ததை அவன் பார்த்தான். "தட்டு உளுந்த சத்தமாச்சும் கேட்டுச்சுங்களா?" என்றாள். பிறகு துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தாள்.

கேட்டது. கேட்டமாதிரிதான் இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கூண்டில் உட்கார்ந்து அதையே யோசித்தான். கேட்டதா, அல்லது தட்டு தெறித்ததைப் பார்த்ததால் சத்தமும் இருந்ததாக மனசு சேர்த்துக்கொண்டதா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவனுக்கு ஆபேத்தின் முகம் ஞாபகம் வந்தது. கேள்வி போய்க் கோபம் மட்டும் நின்றது. கோபம் சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூங்கில் கம்பு ஒன்றில் நரம்பு கட்டி எடுத்துக்கொண்டு போனான். இடுப்பில் சூரிக்கத்தி இருந்தது. நரம்பு நறுக்குவதற்கு எப்போதும் வைத்திருப்பதுதான், ஆனால் முதல் நாள் அதைத் தீட்டியிருந்தான். மீன் மேல் அவனுக்குக் கவனமே இல்லை. இடது பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்கு மரப்பாலத்தைத் தாண்டிப் படகு வந்தது. செங்கல் விளிம்பு வரைக்கும் அடுக்கியிருந்தது. ஏற்றத் தண்ணீர் எதிரே வேகமாகப் பாய்ந்தது. மூன்று பேர், தலையே தெரியாமல் குனிந்து, ஒவ்வோர் அடியாக வைத்து இழுத்தார்கள். தூண்டிலைச் சாய்க்க அவனுக்கு நிறைய நேரம் இருந்தது. சாய்க்கவில்லை. கூப்பிடட்டும், பார்க்கலாம். ஆபேத்தின் முகம் தரையைப் பார்த்துக் கிடந்தது. வாய் தெரியவில்லை. கரையில் அன்று வேறு யாரும் அவனுக்குப் பக்கத்தில் இல்லை. பார்த்துக்கொள்ள முகம் எதுவும் இல்லை.

இதோ, கூப்பிடவில்லை.

மூன்று பேரும் பரணுக்குப் பின்னால் கடந்து போனார்கள். கயிறு பரணின் மூங்கில் காலில் வந்து அழுந்தியது. பரண் கிடுகிடுவென்று ஆடிற்று. பன்னீர்செல்வம் இடது கையால் கயிற்றைப் பிடித்தான். அது வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது, உள்ளே ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கத்தியை வைத்து ஒரே இழுப்பு.

அந்த நொடி இனிப்பாக இருந்தது. அதை அவன் பிற்பாடும் மறுக்கவில்லை.

இழுத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல் முகம் குப்புற விழுந்தார்கள். படகு ஒரு கணம் யோசித்தது. பிறகு ஏற்றத்தோடு பின்னோக்கி நகர்ந்து, வேகம் பிடித்து, பின்பக்கமாகப் போய் மரப்பாலத்துத் தூணில் இடித்தது. பலகை பிளந்தது. அடுக்கியிருந்த செங்கல் ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீரில் கொட்டியது. அத்தனையும் அவனுக்கு ஓசையில்லாமல் நடந்தது. ஆபேத் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இழுத்துவந்த அவன் தம்பி எழவில்லை. கரைக்கல்லில் கையை ஊன்றி விழுந்திருக்கிறான். மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். கத்துகிறான் என்று வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பன்னீர்செல்வம் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டான். 

சனிக்கிழமை மத்தியானம் மதகுக்குப் பக்கத்தில் கால்வாய் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சம்மதித்திருந்தது. மீன்பிடிக்கிறவர்கள் சார்பில் சேஷாத்ரி வந்திருந்தார். ரயில்வே ஹெட் ஆபீசில் பெரிய கிளார்க். மீனைக் கண்ணால் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற அவர்தான் மீன்பிடிப்போர் சங்கத்துக்குக் காரியதரிசி, ஏனென்றால் சங்கத்தில் யாருக்கும் அவர் அளவுக்கு இங்கிலீஷில் மனு எழுத வராது.

"ஓய் பன்னீர்செல்வம், நீர் ஒண்ணும் கவலைப்படாதேயும்" என்றார், வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "மூணு பக்கம் எழுதியிருக்கேன். இனிமே ஞாயித்துக்கிழமை இந்தக் கரையில கயிறே வரப்படாது. கூப்பிடாம வந்தான், உயிருக்குப் பயந்து அறுத்தேன். அவ்வளவுதான், வேற பேசாதேயும். நீர்தான் பேசவே மாட்டீரே!"

சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பத்மநாபனும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் தூண்டில் போடுகிறவர்தான், மதகுப் பக்கமாக. பன்னீர்செல்வம் அவர் பக்கம் பார்க்காமல், மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

ஓவர்சியர் வயசான வங்காளி. மேஜைமேல் டீ கிளாசும் ஒரு பழைய புத்தகமும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். அவர் எதிரே இருந்ததால் எல்லாம் படிக்க முடிந்தது. "இந்தக் கால்வாயில் விதி ஒன்றுதான். குரல் கொடுத்தும் ஒதுங்கவில்லை என்றால் தூண்டில்காரன் தப்பு. பரண் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவேன். குரல் கொடுக்காமல் வந்தால் படகுக்காரன் தப்பு. இந்தக் கரையில் இழுவையை நிறுத்திவிடுவேன். ஆகவே எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். அவன் கூப்பிட்டானா, இல்லையா?"

"இல்லை" என்றான் பன்னீர்செல்வம்.

"உமக்கு நிச்சயமாகத் தெரியுமா, மோஷாய்?"

"நிச்சயம். எப்பவுமே எனக்குக் கூப்பிடுறதில்ல. மதராஸின்னு இளக்காரம்." அவனுடைய வங்காளி பாதி ஹிந்தி, கோபத்தில் அதுவும் உடைந்தது. "என் தூண்டிலை வாரிக்கிட்டுப் போனான். மனுஷனா மதிச்சா கூப்பிட்டிருப்பான்ல?"

சேஷாத்ரி பெருமையாகத் தலையசைத்தார். ஆபேத் கதவோரமாக நின்றிருந்தான். முகத்தில் சிராய்ப்பு ஆறாமல் இருந்தது. அவனுடைய தம்பி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.  ஆபேத் பன்னீர்செல்வத்தையே பார்த்தான். காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தண்ணீரைப் பார்க்கிற மாதிரியான பார்வை. பிறகு அவன் மேஜைக்கு வந்து, பன்னீர்செல்வத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஓவர்சியரிடம் என்னவோ சொன்னான். ஓவர்சியரின் புருவம் மட்டும் உயர்ந்தது. கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார்.

ஆபேத் திரும்பி நடந்தான். பன்னீர்செல்வத்தின் நாற்காலியைத் தாண்டிப் பின்பக்கம் போனான்.

என்ன சொன்னான்? பன்னீர்செல்வம் முகங்களைப் பார்த்தான். எல்லாக் கண்ணும் அவன் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. மின்விசிறி சுற்றியது. ஓவர்சியர் பேனாவைக் கீழே வைத்தார். திடீரென்று சேஷாத்ரியின் கண் அகலமாகி உடம்பு பின்னால் சாய்ந்தது. பெஞ்சில் ஒருவன் முகத்தைச் சுளித்தான். பத்மநாபன் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் பாதியில் நின்றது.

ஓ, இதுதானா! பின்னால் நின்று கத்தியிருக்கிறான். ‘குண்’ என்று காது கிழிய. சோதனை வைக்கிறானாம் சோதனை! ஐந்து வருஷம் டாக்டரையே ஏமாற்றியவனிடம். கூண்டு ஒரு கணம் அவன் கண்ணில் வந்து போயிற்று. அந்த உயரம், அந்த அமைதி. சரியாக அரை நொடிதான் எடுத்துக்கொண்டான். பிறகு உடம்பு முழுக்கக் கோபத்தோடு திரும்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஏன்யா காதுகிட்ட வந்து கத்துறே? நான் என்ன செவிடனா?"

ஆபேத் நான்கடி தள்ளி நின்றிருந்தான். தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, வாயை முழுசாகத் திறந்து வைத்திருந்தான். அந்த வாய் அப்படியே இருந்தது. அப்புறம் மெதுவாக மூடிற்று. கைகள் இறங்கின.

"நான் கத்தவே இல்லையே, பாபு" என்றான். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னான்.

பன்னீர்செல்வம் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று நினைத்துத்தான் அவர்கள் முகம் சுளித்திருந்தார்கள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சேஷாத்ரி மூன்று பக்க மனுவை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் ஜன்னலைப் பார்த்தார்.

பாய்ந்துபோய் ஆபேத்தின் சட்டையைப் பிடித்தான். துணி கிழிந்தது. ஆபேத் கையை ஓங்கவில்லை. ஆனால் ஒதுங்கவும் இல்லை. அவன் மூச்சு பன்னீர்செல்வத்தின் முகத்தில் பட்டது.

"நாலு தடவை கூப்பிடுவேன் உனக்கு" என்றான் ஆபேத். "மத்தவனுக்கு ஒரு தடவை, உனக்கு நாலு தடவை. தொண்டை கிழியும். நீ கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பே. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டே. ஆபீசர் பாபு, கிரேன் பாபு, நாயி குரைக்குதுன்னு உட்கார்ந்திருக்கான்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சேன். உன்னைக் கண்டாலே எனக்குக் குமட்டும். காது கேக்காதுன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? உன் வெட்கத்துக்கு என் தம்பி கையா?"

பன்னீர்செல்வத்தின் பிடி விட்டது. யாரோ தோளைத் தொட்டார்கள். பத்மநாபன்.

"பன்னீரு, டிசம்பர்ல அந்தப் பிளேட்டு சாஞ்சுதே" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அதுக்கு அடியில நின்னது யாருன்னு தெரியுமா உனக்கு? நான்தான்யா நின்னேன். பேரைச் சொல்லிக் கத்தினேன்."

 சொல்ல இருந்த ஒரே பதிலைப் பன்னீர்செல்வத்தின் வாயே சற்று முன் கேள்வியாகக் கேட்டுவிட்டது.

பத்மநாபன் திங்கட்கிழமை எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. மெடிக்கல் வரைக்கும் கூண்டில் வேறு ஆளை ஏற்றிவிட்டு, அவனைக் கருவி அறையில் உட்காரச் சொன்னார். மார்ச் கடைசியில் டாக்டர் வழக்கம்போல் அலமாரிக்கு எதிரே நாற்காலியைக் காட்டினார். பன்னீர்செல்வம் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். சுவர் வெள்ளையாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் டாக்டர் எத்தனை எண்களைச் சொன்னார், எவ்வளவு உரக்கச் சொன்னார் என்று அவனுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் கழித்து அவர் முன்னால் வந்து நின்று அவனைப் பார்த்தார்.

கருவி அறையில் ஒரு ஜன்னல்தான். பையன்களாக வந்து அவனிடம் வேலை கற்றவர்கள் வந்து நின்று ஸ்பேனர் கேட்பார்கள். இப்போது எல்லாரும் வாயை அகலமாகத் திறந்து, முகத்துக்கு நேரே வந்து கத்தினார்கள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. மேலே கிரேன் நகர்வதைத் தரையின் அதிர்வில் உணர்ந்தால் அண்ணாந்து பார்க்கமாட்டான். வீட்டில் அருக்காணி மட்டும் ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. வலது பக்கம் வந்து நின்று பழையபடி கத்தினாள்.

"இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஊட்டுல உக்காந்திருக்கறதுக்கு, போய் மீனாச்சும் புடிங்க" என்றாள், சித்திரை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. "புண்ணாக்கு வறுத்து வெச்சிருக்கறனுங்க."

அவனுடைய பரணைப் பிடுங்கியிருந்தார்கள். மூங்கில் நட்ட குழிகளில் தண்ணீர் நின்றது. மற்றவர்களின் பரண்களும் இல்லை. எல்லாரும் வெறும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் சேஷாத்ரியின் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். போகட்டும். இரையை உருட்டி மாட்டி மூங்கில் தூண்டிலை எறிந்தான். வெயில் ஏறியது. உள்ளே அந்தக் கோபம் எங்கேயும் போகவில்லை. யார் மேல் என்று மட்டும் இப்போது அதற்குத் தெரியவில்லை. அதனால் அது தன் இருப்பிடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

பத்து மணிக்குத் தக்கை தலையசைத்தது.

மூச்சைப் பிடித்தான். மறுபடி ஒரு அசைவு. மெல்லப் படுக்க ஆரம்பித்தது. கை கம்பை இறுக்கியது.

தக்கைக்கு ஒரு சாண் பக்கத்தில் என்னவோ வந்து விழுந்தது. தண்ணீர் தெறித்தது. சிவப்பாக ஒரு கலங்கல் பரவியது. தக்கை நிமிர்ந்து வெறுமையாக ஆடிற்று. மீன் போய்விட்டது.

வசவு நாக்கு நுனிக்கு வந்து, அவன் பாதி எழுந்துவிட்டான்.

நாற்பதடி தள்ளி ஆபேத் வந்துகொண்டிருந்தான். தோளில் கயிறு. நெற்றி முழங்காலைத் தொடுகிற குனிவு. ஆனால் முகத்தை மட்டும் கஷ்டப்பட்டுத் தூக்கி வைத்திருந்தான். அந்த முகத்தில் மன்னிப்பும் இல்லை, சிநேகமும் இல்லை. அவனுடைய இடது கையில் இன்னொரு செங்கல் துண்டு தயாராக இருந்தது. பின்னால் படகில், ஒரு கையால் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த தம்பி பன்னீர்செல்வத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் துப்பினான்.

ஆபேத்தின் உதடு அசைந்தது. குண்.

பன்னீர்செல்வம் தூண்டிலைத் தரையோடு படுக்க வைத்தான். உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். மூன்று ஜோடிக் கால்கள் அவனுக்குப் பின்னால் புழுதியை மிதித்துக்கொண்டு போயின. கயிறு கழுத்தில் வந்து படிந்து முதுகில் உரசிக்கொண்டு நகர்ந்தது. பாதி தூரம் வந்ததும், அவன் அறுத்த இடத்தைச் சேர்த்துக் கட்டியிருந்த பெரிய முடிச்சு, முதுகெலும்பில் ஓர் இடி இடித்துவிட்டுப் போயிற்று.